டாக்டரும் ஆகணும், ஆராய்ச்சியும் செய்யணும்: சென்னை மாணவருக்கு ஒரு வழித்தடம்

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே மூலக்கூறு உயிரியலில், அதாவது செல்லுக்குள் டி.என்.ஏ.வும் புரதமும் எப்படி வேலை செய்கின்றன என்ற படிப்பில், ஆசை வந்துவிட்டவர்களுக்குச் சென்னையில் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. நோயாளிகளும் ஆய்வகங்களும் ஒரே ஊரில் இருப்பது வசதி. சென்ட்ரல் எதிரே அரசு மருத்துவமனையில் வார்டு போஸ்டிங் முடித்துவிட்டு ரயில் ஏறினால் ஆய்வகங்கள் இருக்கும் சேத்துப்பட்டுக்கோ தரமணிக்கோ அன்று மாலைக்குள் போய்விடலாம். தொல்லை என்னவென்றால், இந்தப் பாதைக்கென்று இங்கே ஒரே நுழைவுத் தேர்வோ ஒரே பட்டமோ கிடையாது. அமெரிக்காவில் மருத்துவத்தையும் பிஎச்.டி.யையும் சேர்த்துப் படிக்க 1964 முதல் அரசு நிதியில் ஒரு திட்டம் நடக்கிறது. இங்கே நாம்தான் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒவ்வொரு துண்டையும் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அங்கே எனக்கு யார் சொல்லித் தருவார்? யாரும் கூப்பிடாமல் லேபில் உட்கார வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? நிறுவனத்தின் பெயர் பெரிதா சிறிதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலை என்ன வேலை

மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், சின்ன வயதிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் பரம்பரை நோயாளிகளைப் பார்த்தார்கள். அவர்களின் தோலிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகளைப் போட்டால் சாதாரண மனிதரின் செல் தானாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இந்த நோயாளிகளின் செல் குறைக்கவில்லை. எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கேள்வி வார்டில் பிறந்தது, விடை செல் வளர்ப்புத் தட்டில் கிடைத்தது. பிறகு அதே அறிவு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி மறுபடியும் நோயாளியிடம் வந்து சேர்ந்தது.

இருவரிடமும் பிஎச்.டி. பட்டம் கிடையாது. ஆனால் மருத்துவப் படிப்பு முடித்த பின் சில ஆண்டுகள் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் (என்.ஐ.எச்.) தேர்ந்த விஞ்ஞானிகளுக்குக் கீழே வேலை கற்றவர்கள். பட்டம் இல்லாமலும் சமாளிக்கலாம், அந்தப் பயிற்சி இல்லாமல் முடியாது.

நம் ஊரிலேயே உதாரணம் வேண்டுமென்றால் எல்லப்பிரகடா சுப்பாராவ் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டுக்குப் போய், சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் பாடத்தில் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று வருவது அதுதான். மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து உருவான கதையிலும் அவர் கை உண்டு.

காலமும் காசும்

இதை வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே பேசிவிடுங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு. எம்.டி. மூன்று ஆண்டு. பிஎச்.டி. நான்கிலிருந்து ஐந்து, சிலருக்கு ஆறு. அதன் மேல் இரண்டு மூன்று ஆண்டு முதுமுனைவர் (போஸ்ட்டாக்) பயிற்சி. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் சொந்த ஆய்வுக்குழு என்று ஒன்றை ஆரம்பிக்கும்போது வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். நடுவில் எம்.டி. நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்காக ஓராண்டு போனால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி. செய்பவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் பேட்ச் நண்பர்கள் அந்த வயதில் தனியார் மருத்துவமனையில் இதைப்போலப் பல மடங்கு வாங்குவார்கள். கல்விக்கடன் இருந்தாலோ, வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்திருந்தாலோ, எம்.டி. முடித்துச் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருவதில் ஒரு கேவலமும் இல்லை. "எப்போ கிளினிக் போடப் போற?" என்று சித்தப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார். அதற்குத் தீர்வு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எம்.பி.பி.எஸ். காலத்தில் செய்ய வேண்டியது

முதலாண்டில் உயிர்வேதியியலை வைவாவுக்கு மட்டும் படித்துத் தள்ளிவிடாதீர்கள். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்ற அடிப்படை கையில் இருந்தால் பின்னால் வருவதெல்லாம் அதன் மேல் ஏறி உட்காரும்.

இரண்டாம் ஆண்டுவாக்கில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் குறுங்காலப் பயிற்சித் திட்டம் உண்டு. மாணவர்கள் எஸ்.டி.எஸ். என்றே சொல்வார்கள். உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கைடாக வைத்து ஒரு சிறு ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் ஆய்வு, பின் அறிக்கை, உதவித்தொகை, சான்றிதழ். பலர் கேள்வித்தாள் கொடுத்து மாணவர்களிடமே விவரம் சேகரிக்கும் ஆய்வோடு முடித்துக்கொள்கிறார்கள். நூறு சகமாணவர்களின் தூக்கத்தை அளப்பதில் தப்பில்லை. ஆனால் லேப் பக்கம் போக நினைப்பவர் நுண்ணுயிரியல் துறையிலோ நோய்க்குறியியல் துறையிலோ ஒரு சின்னச் சோதனை வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முடிவு சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை, துளித்துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டைப் பிடித்திருப்பீர்கள்.

அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் தயாரித்த அடிப்படை ஆராய்ச்சிப் பாடம் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் இருக்கிறது. எம்.டி. மாணவர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய பாடம் இது. நீங்கள் எம்.பி.பி.எஸ். காலத்திலேயே பார்த்துவிட்டால் ஆய்வு வடிவமைப்பு, மாதிரி அளவு போன்ற சொற்கள் பயமுறுத்தாது. விடுமுறையில், புள்ளிவிவரக் கணக்குக்கு உதவும் ஆர் (R) மென்பொருளைக் கொஞ்சம் பழகுங்கள். இலவசம்தான்.

கதவைத் தட்ட வேண்டிய இடங்கள்

சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் ஆரம்பமானது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது இந்த இடம்தான். இன்றைக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், எதிர்ப்பாற்றல், மரபணு என்று பல தளங்களில் வேலை நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முதன்மை விஞ்ஞானியாக இருந்த சௌம்யா சுவாமிநாதன் குழந்தைகள் மருத்துவம் படித்துவிட்டு 1992இல் இங்கே வந்து சேர்ந்தவர்.

தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மரபியல், மருத்துவ உயிர்வேதியியல், நாளமில்லாச் சுரப்பியியல் எல்லாம் ஒரே வளாகத்தில். பக்கத்திலேயே கணித அறிவியல் நிறுவனத்தில் கணினி உயிரியல் குழு உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் மூலக்கூறு அளவில் புற்றுநோயை ஆராய்கிறார்கள். சங்கர நேத்ராலயாவின் ஆய்வுப் பிரிவில் கண் நோய்களின் மரபியல். சர்க்கரை நோய் என்றால் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. ஐ.ஐ.டி.யில் உயிரித்தொழில்நுட்பத் துறை நெடுநாளாக இருக்கிறது. 2023இல் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை ஒன்றும் தொடங்கினார்கள், அதில் டாக்டர்கள் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க வழி உண்டு. கிண்டியில் கிங் நிறுவனம் வைரஸ் பரிசோதனைக்குப் பழைய இடம்.

ஊர் தாண்டலாம் என்றால் வேலூர் சி.எம்.சி. காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை அளித்த முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டது அங்குள்ள குழு. எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிஎச்.டி. மூன்றையும் அதே வளாகத்தில் முடித்த ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண்.

சரி, எப்படிக் கேட்பது? மின்னஞ்சலில் "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம்" என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. அந்த விஞ்ஞானியின் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் புரியாத ஓர் இடத்தைக் கேள்வியாக எழுதுங்கள். எத்தனை வாரம், எந்த நாள்களில் வர முடியும் என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அப்புறமும் இல்லையென்றால் நேரில் போய் அவருடைய ஆய்வு மாணவரிடம் பேசுங்கள். பாதி லேபுகளில் கதவைத் திறந்து விடுவது அந்த மாணவர்தான்.

எம்.டி. முதலிலா, பிஎச்.டி. முதலிலா

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு நேராக பிஎச்.டி. சேரலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுத எம்.பி.பி.எஸ். போதும். பெங்களூருவின் பெரிய ஆய்வு நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. மூளை சுறுசுறுப்பாக, குடும்பப் பொறுப்பு குறைவாக இருக்கும் வயதில் ஐந்து ஆண்டு முழுசாக லேபில் கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனாலும் கேட்பவர்களிடம் எம்.டி.யை முதலில் முடிக்கச் சொல்வதுதான் என் வழக்கம். மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் ஆகவும், சிறப்பு மருத்துவராக நோயாளி பார்க்கவும் இந்த நாட்டில் பெரும்பாலும் முதுநிலை மருத்துவப் பட்டம் வேண்டும். வெறும் பிஎச்.டி.யோடு திரும்பி வந்து முப்பது வயதில் நீட் பி.ஜி.க்கு உட்காருவது மிகக் கஷ்டம். தவிர, எம்.டி. மூன்று ஆண்டில் ஒரு நோயை அருகிலிருந்து பார்த்திருப்பீர்கள். 'இதற்கு ஏன் யாரும் விடை சொல்லவில்லை' என்ற எரிச்சல் ஒன்று உங்களுக்கென்று உருவாகியிருக்கும். அந்த எரிச்சல் இல்லாமல் லேபுக்குப் போனால், கைடு கொடுக்கும் கேள்வியைத்தான் ஐந்து ஆண்டும் சுமக்க வேண்டியிருக்கும்.

எந்த எம்.டி.? நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், உயிர்வேதியியல் எடுத்தால் துறைக்குள்ளேயே லேப் இருக்கும், இரவுப் பணியும் குறைவு. பொது மருத்துவமோ குழந்தைகள் மருத்துவமோ எடுத்தால் நோயாளி கையில் இருப்பார், நேரம் இருக்காது. மெரிட் வரிசையில் கடைசியாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு "ஆராய்ச்சிக்காக எடுத்தேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது மட்டும் வேண்டாம். பிடிக்காத துறையில் கேள்வி பிறக்காது. அரசு ஒதுக்கீட்டில் சேர்பவர்கள் படிப்பு முடிந்தபின் செய்ய வேண்டிய பாண்டு பணியை அந்த ஆண்டின் விதிமுறையில் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீசிஸை வீணாக்காதீர்கள்

எம்.டி. தீசிஸ் என்றாலே சீனியரின் தலைப்பில் ஊரை மாற்றி எழுதுவது என்று ஆகிவிட்டது. 1980களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு தலைப்பைக் கொடுத்தார். இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது அந்தப் பரிசோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. நிர்மலா ரத்த மாதிரிகளைத் தானே சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். 1986இல் ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது ஒரு மாணவியின் தீசிஸ் மூலமாகத்தான்.

எல்லோருக்கும் அப்படி அமையாதுதான். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேள்வி ஒரே வரியில் இருந்தது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பயனுள்ள விடை. இல்லாத வசதியைப் பக்கத்து ஊரில் தேடிக்கொண்டார்கள். உங்கள் தலைப்பையும் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேபில் முதல் ஆறு மாதம்

வார்டில் பத்துப் பேருக்கு உத்தரவு போட்டுப் பழகியவர், இங்கே எம்.எஸ்சி. முடித்த இருபத்துமூன்று வயது மாணவியிடம் பிப்பெட் பிடிக்கக் கற்க வேண்டும். அவரை "மேடம்" என்று கூப்பிட்டாலும் சரி, பெயர் சொன்னாலும் சரி, அவர் சொல்வதைக் கேளுங்கள். லேப் டெக்னீஷியனை மதிக்காத டாக்டருக்கு ஃப்ரீசரில் இடமும் கிடைக்காது.

டாக்டராக நீங்கள் அங்கே கொண்டுவரும் பெரிய சொத்து, மாதிரி எங்கிருந்து எப்படி வருகிறது என்ற அறிவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், 'மரபணு இல்லை' என்று தப்பான விடை வரும். ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கஷ்டம். அதை அறுக்கும் நொதி நம் விரலிலேயே இருக்கிறது. மே மாத வெயிலில் மாதிரியை டூவீலர் டிக்கியில் போட்டு ராயபுரத்திலிருந்து தரமணிக்குக் கொண்டுபோனால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. ஐஸ் பெட்டியும், எடுத்த நேரம் எழுதிய சீட்டும் கூடவே போக வேண்டும். வந்ததும் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடும். கட்டியிலிருந்து எடுத்த திசு என்றால், ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதிக நேரம் கிடந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும்.

பி.சி.ஆர்.-இல் முப்பது சுழற்சி ஓடினால், கணக்குப்படி ஒரு டி.என்.ஏ. துண்டு நூற்றேழு கோடி ஆகிவிடும். அதனால்தான் பழைய வினையின் ஒரு துளி மேசையில் சிந்தியிருந்தாலும் புது மாதிரி எல்லாம் 'பாசிட்டிவ்' ஆகத் தெரியும். டி.என்.ஏ. எதுவும் போடாத ஒரு வெற்றுக் குழாயை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். முடிவில் அதிலும் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் கோடு தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பை. கலவை தயாரிக்கும் அறையும், பெருக்கிய டி.என்.ஏ.வைத் திறக்கும் அறையும் தனித்தனியாக இருப்பதும் இதற்காகத்தான்.

செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்று கண்ணுக்குத் தெரியாமல் வரும், சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாது. மாதாமாதம் சோதிக்கும் லேபா என்று சேரும்போதே கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம் எழுதுவதில் டாக்டர்கள் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும், கேஸ் ஷீட் எழுதிய கைதானே. ஆனால் பலர் எழுதுவதில்லை. தேதி, எந்த லாட் வேதிப்பொருள், எத்தனை மைக்ரோலிட்டர், எது சொதப்பியது, எல்லாம் அன்றைக்கே எழுத வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று நுட்பங்களை யார் உதவியும் இல்லாமல் செய்து, ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எடுக்க முடிந்தால் நல்ல முன்னேற்றம். டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் வரிசைப்படுத்தலை இன்று வெளியில் கொடுத்தே செய்துவிடலாம், அதன் தரவைப் படிக்கத் தெரிவதுதான் உங்கள் வேலை.

நோயாளியிடம் கேட்பது

நெறிமுறைக் குழு அனுமதி வருவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்கூட ஆய்வுக்காக எடுக்கக் கூடாது. விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுங்கள், கமிட்டி மாதாமாதம் கூடாத இடங்களும் உண்டு. சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் அதற்குத் தனி அனுமதி.

ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தால் யாருக்கும் புரியாத ஒன்று வரும். நேராகத் தமிழில் எழுதி, வார்டு ஆயாம்மாவிடம் படித்துக் காட்டிப் பாருங்கள். நோயாளி கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"இந்த ரத்தத்துல எனக்கு என்ன இருக்குன்னு சொல்லிடுவீங்களா சார்?"

"இல்லம்மா, இது உங்க வைத்தியத்துக்கான டெஸ்ட் இல்ல. இந்த நோய் ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்க எடுக்கறோம். நீங்க வேணாம்னு சொன்னாலும் உங்க வைத்தியம் அப்படியே நடக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்துக்கு அர்த்தம் இல்லை. நீங்களே அவருக்குச் சிகிச்சை தரும் டாக்டர் என்றால், ஒப்புதலை வேறொருவர் கேட்பது இன்னும் நல்லது. நம் ஊரில் டாக்டரிடம் நேருக்கு நேர் 'வேண்டாம்' என்று சொல்பவர் குறைவு. மரபணு ஆய்வில் எதிர்பாராமல் குடும்பத்தைப் பாதிக்கும் ஒன்று தெரியவந்தால் சொல்வதா வேண்டாமா என்பதை முதலிலேயே படிவத்தில் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

பிஎச்.டி., அதற்கு அப்புறம்

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. என்று பதிவு செய்ய இடங்கள் உண்டு. பகுதிநேரமாகச் செய்யவும் விதி இடம் தருகிறது. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே முடித்தவர்களும் இருக்கிறார்கள். மூலக்கூறு உயிரியலுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செல் ஞாயிற்றுக்கிழமையும் வளரும். மூன்று நாள் ஓடும் சோதனையின் நடுவில் ஓ.பி.க்கு ஓடினால் மூன்று நாளும் போச்சு. முடிந்தால் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாவது இரண்டு ஆண்டு முழுநேரமாக உட்காருங்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டுரைகளை எண்ணுவதைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் இரண்டு கைடு வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மருத்துவர், ஒருவர் அடிப்படை விஞ்ஞானி. இருவரும் மாதம் ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் நீங்கள் நடுவில் தூது போய்க்கொண்டே இருப்பீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு இரண்டே வாரத்தில் கட்டுரை போட்டுத் தரும் இதழ்கள் உங்கள் மின்னஞ்சலை எப்படியோ கண்டுபிடித்து வரும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டும் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் பெயரை இணையத்தில் தேடினால் அது வாழ்நாள் முழுக்க வரும்.

முடித்தபின் சொந்தமாக நிதி தேட, ஐ.சி.எம்.ஆர். திட்டங்கள் போக, மத்திய அரசும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008இல் ஆரம்பித்த இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே தனி ஆய்வு நிதி வைத்திருக்கிறது. அங்கே கேள்வியின் தரத்தோடு, உங்களுக்கு ஆராய்ச்சி நேரம் தர உங்கள் நிறுவனம் தயாரா என்பதையும் பார்ப்பார்கள்.

அதனால் வேலையில் சேர்வதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியதைப் பேசி முடித்துவிடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஓ.பி., எத்தனை இரவு டியூட்டி, எந்த இரண்டு நாளில் யாரும் வார்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதைத் துறைத் தலைவர் வாயால் சொன்னால் போதாது, நியமனக் கடிதத்தில் வர வேண்டும். பேசி முடித்துக் கிளம்பும் முன், மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடமே கேட்டுவிடுங்கள்.